இரண்டாவது நாளின் தூரம்

எழுநூறு என்று ஒரு மனிதருக்குப் பெயர் இருக்குமா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். இருக்கிறதே, என்ன செய்வது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்திலும் கரண்ட் பில்லிலும் பத்திரமாக இருந்தது. தெருவுக்கும், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கும், லீவு கிடைத்தால் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு ஊர் சுற்றப் போகிற அத்தனை பேருக்கும் அவர் எழுநூறு அண்ணன்தான். ஒரே நாளில் எழுநூறு கிலோமீட்டர், அதுவும் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டியவர். ஒன்பது வருஷமாகியும் அந்த எண் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. அந்த வரைக்கும் மனிதர் யோக்கியமானவர் என்றுதான் அவர் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற விஷயத்தில் அவள் அப்படி நினைக்கவில்லை. அதுதான் இந்தக் கதை.

அவர்கள் தொழில் மோட்டார் சைக்கிள் சீட் கட்டுவது. முன்னால் ஷட்டர் போட்ட கடை, பின்னால் இரண்டு அறை, அதற்கும் பின்னால் துணி துவைக்கிற இடம். சீட்டைக் கழற்றிக் கொடுத்தால் அவர் குறடால் பின்களைப் பிடுங்கி, பழைய உறையை உரித்து, உள்ளே இருக்கும் ஃபோமை ஹாக்ஸா பிளேடால் சீவுவார். வேண்டிய இடத்தில் புதுத் துண்டை சொல்யூஷன் தடவி ஒட்டுவார். அவள் ரெக்சினை அளந்து வெட்டித் தைப்பாள். உறையை உரித்ததும் ஃபோமில் குழி விழுந்திருக்கிற இடத்தைப் பார்த்தே, இந்த ஆள் எத்தனை மணி நேரம் உட்காருகிறார், எந்தப் பக்கம் சாய்கிறார், பின்னால் வருகிறவர் பயந்து ஒட்டிக்கொள்கிறவரா தள்ளி உட்காருகிறவரா என்பதையெல்லாம் அவள் தெரிந்துகொள்வாள். வெளியே சொல்லமாட்டாள்.

வாடிக்கையில் முக்கால்வாசி நெடுந்தூரம் போகிறவர்கள். அவர்களிடம் எழுநூறு முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டப்போறீங்க?"

ஐநூறு என்பார்கள். அறுநூறு என்பார்கள். இவர் தலையை ஆட்டுவார்.

"முந்நூறு வெச்சுக்குங்க. கிலோமீட்டரைப் பாக்காதீங்க, மணியைப் பாருங்க. ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நாலு எட்டு நடக்கணும். தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கணும். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் ரூம்ல இருக்கணும். இருட்டினதுக்கப்புறம் ஓட்டற ஒரு கிலோமீட்டர் ரெண்டு கிலோமீட்டருக்குச் சமம்."

"நீங்க மட்டும் எழுநூறு ஓட்டுனீங்களேண்ணே?"

"எல்லாருக்கும் என் உடம்பு வருமா?"

இந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கவேண்டும், சிரிப்பார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் தையல் மெஷினைத் தாண்டித்தான் வெளியே போகமுடியும். அப்போது அவள் நிமிர்ந்து பார்க்காமல் ஒன்று சொல்வாள். "முதல் நாள் ஓட்டறதுல பாதிதான் ரெண்டாவது நாளைக்கு. மறந்துடாதீங்க." ஏன் அக்கா என்று கேட்டால், "சும்மா சொன்னேன் தம்பி" என்பாள்.

அவளுடைய இடது தொடைக்குள் ஒரு கம்பி இருந்தது. மழை வருவதற்கு முந்தின நாளே வலித்து முன்னறிவிப்புக் கொடுத்துவிடும். நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் இறங்கி ஏறும். எழுநூறு ஓட்டியது அவருடைய தங்கை வீட்டில் ராத்திரி நடந்த விசேஷத்துக்குப் போன நாளில். மறுநாளே திரும்பினார்கள். திரும்புகிற வழியில், நூற்றெண்பதாவது கிலோமீட்டரில், விழுந்தார்கள். யாராவது அவள் காலைப் பற்றிக் கேட்டால் அவர்தான் முந்திக்கொள்வார்.

"நாய் சார். செவலை நாய். ஒரு காது மடிஞ்சிருக்கும். ரோடு காலியாக் கெடக்கு, காலைல பத்து மணி, நல்ல வெளிச்சம். எங்கேருந்துதான் வந்துச்சோ, குறுக்க ஒரே பாய்ச்சல். எழுநூறு ஓட்டும்போது ஒரு கீறல் இல்ல சார். மறுநாள் ஒரு நாய் வந்து பேரைக் கெடுத்துடுச்சு."

அவர் நாயைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவள் ஊசியையே பார்த்துத் தைத்துக்கொண்டிருப்பாள். ஏனென்றால் அந்த ரோட்டில் நாய் இல்லை. நாயென்ன, ஒரு கோழிகூட இல்லை. அவர் தூங்கிப்போனார், வண்டி ரோட்டை விட்டு இறங்கியது, அவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் விசாரித்து எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரிடம், கட்டின புருஷன் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாதே என்று நாயை வரவழைத்தவள் அவள்தான். அந்த நாயை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு நன்றி சொல்லவில்லை, தனியாக இருக்கும்போதுகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போதாததற்கு அதன் காதை வேறு மடித்துவிட்டார். என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுஷனுக்கு என்று ஒன்பது வருஷமாக அவள் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. வானம் மூடிக்கிடந்தும் காற்று இல்லை, புழுக்கம் ஆளை வேகவைத்தது. பதினோரு மணி வாக்கில் மகளும் மாப்பிள்ளையும் வண்டியில் வந்து இறங்கினார்கள். மகளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முகம் அம்மா, வாய் அப்பா. மாப்பிள்ளைக்கு மருந்துக் கடையில் வேலை. கல்யாணமாகி எட்டு மாதமாகியும் மாமனார் முன்னால் உட்காரலாமா நிற்கலாமா என்று முடிவுக்கு வராத சாது.

"அப்பா, சீட்டைக் கழட்டுங்க. வியாழக்கிழமை காலைல கிளம்பறோம். அஞ்சு நாள் லீவு போட்டாச்சு, ரெண்டு பேரும்."

"எங்கம்மா?"

"கடலுக்கு. அந்தக் கோடியில கலங்கரை விளக்கம் இருக்கே, அதுக்கு மேல ஏறிப் பாக்கணும். இவர் கடலே பாத்ததில்லையாம்பா. வெளிய சொன்னா வெக்கக்கேடு."

மாப்பிள்ளை அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்தார். மகள் நாலாக மடித்த தாளைப் பிரித்து, ஃபோம் வெட்டுகிற பலகைமேல் வைத்துத் தடவினாள். எழுநூறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஒரு பக்கம் ஆயிரத்து நூத்தி எண்பது. முதல் நாள் அறுநூத்தி இருபது. ரெண்டாவது நாள் ஐநூத்தி அறுபது. மூணாவது நாள் முழுக்கக் கடல். நாலு, அஞ்சு திரும்பறது. நூறு கிலோமீட்டருக்கு ஒருத்தர்னு மாத்தி மாத்தி ஓட்டறோம். எப்படி?"

தையல் மெஷின் நின்றது. அவள் கையிலிருந்த ரெக்சினைக் கீழே வைத்தாள். அறுநூற்று இருபது என்பது காதில் விழுந்தபோதே தொடைக் கம்பி சில்லென்றது என்றால் மிகையில்லை. அவர் பேசட்டும் என்று இருந்தாள். பேசவேண்டியவர் அவர். தன் பெண் என்று வரும்போதாவது அந்த நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, நான் தூங்கினேன், அதனால் நீ போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா?

எழுநூறு தொண்டையைச் செருமினார்.

"இது ஆகாதும்மா. முந்நூறு வெச்சுக்கோ."

"அது கஸ்டமருக்குச் சொல்றதுப்பா."

"சீட் தாங்காது."

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கோம்."

"வெயில்?"

"அஞ்சு மணிக்கே கிளம்பிடுவோம்."

"மழை புடிச்சா?"

"ரெயின்கோட் ரெண்டு செட் வாங்கியாச்சு."

"செயின்?"

"நேத்துதான் புதுசு போட்டது. ஏம்ப்பா, நீங்க அந்தக் காலத்து வண்டியில, அந்தக் காலத்து ரோட்டுல எழுநூறு ஓட்டலையா? அம்மா ஒரே ஆளா பின்னாடி உக்காந்து வரலையா? நாங்க ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டறோம். ரோடும் இப்ப அகலம்."

"எல்லாருக்கும் என் உடம்பு வருமா?"

மகள் இதற்காகவே காத்திருந்ததுபோல இடுப்பில் கையை வைத்தாள். "எனக்கு வராம? உங்க பொண்ணுதானே நான்?"

அதற்கு மேல் அந்த மனுஷன் என்னதான் செய்வார். முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்து, "பாத்தீங்களா, இதுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். மாப்பிள்ளை தனக்கும் பதில் தெரியாது என்பதுபோல் தலையைச் சொறிந்தார். எழுநூறு குறடை எடுத்தார். வண்டி சீட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு, பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டாவது நாள்..." என்று அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, உன் பாட்டை ஆரம்பிக்காதே. ரெண்டாவது நாள் உங்களுக்கு ஒரு நாய் வந்துச்சு. அதுக்காக எங்களுக்கும் வருமா? எழுநூறு ஓட்டின அன்னைக்கு எதுவும் ஆகலையே!"

அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவசரத்துக்குச் சொன்ன ஒரு பொய், பெற்ற பெண்ணின் வாயிலிருந்து கணக்காக, நியாயமாக, மறுக்க முடியாமல் திரும்பி வந்தது. சிரிக்கிற அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் பொங்கியது. உரித்த உறைக்குள் ஃபோம் மஞ்சளாகத் தெரிந்தது. பின்பக்கத்தில் குழி இடப்பக்கமாக ஆழமாக விழுந்திருந்தது. பின்னால் உட்காருகிறவர், அது பெண்ணோ மாப்பிள்ளையோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் சாய்ந்து சாய்ந்து உட்காருகிறார். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மகளின் மாமியார் வீட்டுக்குப் போய்வந்ததிலேயே இந்தக் குழி. எழுநூறுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் பிளேடை எடுத்து, சந்தோஷமாகச் சீவிக்கொண்டிருந்தார். ஃபோம் துகள்கள் அவர் கைமுடியில் ஒட்டிக்கொண்டன.

ஒரு மணிக்குச் சாப்பாடு. சோறு, பருப்பு, ஆளுக்கு ஒரு முட்டை. மகள் சாப்பிட்டுக்கொண்டே கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி என்று சொன்னாள். மாப்பிள்ளை மருந்துக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போகப்போகிற மாத்திரைகளைச் சொன்னார். வலிக்கு, வாந்திக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று வரிசையாக வந்தது பட்டியல். தூக்கத்துக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

எழுநூறு விரலில் காய்ந்த சொல்யூஷனைத் தேய்த்துக் கழுவுவதற்காகப் பின்பக்கம் போனார். அவளும் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கதவைச் சாத்தினாள்.

"சொல்லிடுங்க."

"என்னத்தை?"

"காலைலேருந்து நீங்களே சொல்வீங்க, சொல்வீங்கன்னு பாத்துட்டு இருக்கேன். புள்ளைங்க வியாழக்கிழமை கிளம்புதுங்க. இப்பவாவது சொல்லிடுங்க."

"முந்நூறுன்னு சொன்னேனே. கேட்டாளா? உன் பொண்ணு."

"முந்நூறு இல்லைங்க. நாய்."

"நாய்க்கு என்ன?"

"என்கிட்டயுமா?" என்றாள். "ஊருக்குச் சொல்லுங்க, வேணாங்கலை. ஒம்பது வருஷமா என்கிட்டயும் இதே நாய்தானா?"

அவர் சோப்பு நுரையோடு கையைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவர் பொய் சொல்கிற முகம் அவளுக்கு அத்துப்படி. நாளைக்குச் சீட் ரெடி என்று சொல்லும்போது பிடரியைத் தடவுவார். கண் மேலே உத்தரத்துக்குப் போகும். இப்போது கை பிடரிக்கும் போகவில்லை, கண் உத்தரத்துக்கும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்காத பாடத்தில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்களே, அப்படி முழித்துக்கொண்டு நின்றார்.

"நாய் குறுக்க வந்துச்சு, விழுந்தோம். நீதானே சொன்னே?"

"நான் சொன்னேன். நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கேருந்து பாக்கறது? எனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு? தலையில அடிபட்டதுல அன்னைக்குக் காலைல நடந்தது திரும்ப வராதுன்னு டாக்டர்தான் உன் முன்னாடி சொன்னாரே. தங்கச்சி வீட்டு வாசல்ல ஹெல்மெட் மாட்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் கட்டில்தான். நீ பக்கத்துக் கட்டில்லேருந்து நாய்னு சொல்லிட்டு இருந்தே."

"செவலைன்னு?"

"அதுவும் நீதான். எழுதிக்க வந்தவரு என்ன நிறம்னு கேட்டாரு, நீ சொன்னே."

"மடிஞ்ச காது?"

எழுநூறு கொஞ்சம் நெளிந்தார். "அது நானாச் சேத்துக்கிட்டது. சும்மா நாய்னு சொன்னா யாருக்கும் மனசுல நிக்க மாட்டேங்குதும்மா."

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதை மூடினாள். தட்டுகளைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் அத்தனை தத்ரூபமாகக் கதை சொன்னதைக் கேட்டு, எல்லாம் திரும்பிவிட்டது, மறைக்கிறார் என்றே முடிவுகட்டிவிட்டாள். ஒரு தடவைகூட நேராகக் கேட்கவில்லை. நன்றி சொல்லவில்லை என்று கோபம், வாய் திறக்கவில்லை என்று கோபம். எத்தனை நாள் சாப்பாட்டை வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருக்கிறாள். ஒரு பாவமும் அறியாத மனுஷனை ஒன்பது வருஷம் மனசுக்குள்ளேயே நிற்கவைத்துத் தண்டித்திருக்கிறோமே என்று அவளுக்கு உறைத்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குப் பின்னால் வந்து நின்றது. இனி இதைச் சொல்லவேண்டியவள் அவள்தான். வேறு யாருக்குமே தெரியாது.

"நாய் இல்லைங்க" என்றாள்.

"என்ன இல்ல?"

"ரோட்டுல நாயே இல்ல. நீங்க தூங்கிட்டீங்க."

தூக்கிப் பிடித்திருந்த கையை அவர் மெல்ல இறக்கினார்.

"முந்தின நாள் பதினேழு மணி நேரம் ஓட்டியிருக்கீங்க. ராத்திரி உங்க தங்கச்சி வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து எழுநூறு எழுநூறுன்னு உங்களைத் தூங்கவே விடலை. காலைல ஆறரைக்கு எடுத்தீங்க. முதல் நாள் நல்லாத்தான் ஓட்டினீங்க, அதைக் குறை சொல்லலை. அந்த எழுநூறோட அசதி மறுநாள்தான் வந்துச்சு. உங்க ஹெல்மெட் ரெண்டு தடவை முன்னாடி சாஞ்சு நிமிந்துச்சு. மூணாவது தடவை நிமிரலை. வண்டி இடது பக்கமா இறங்கிடுச்சு."

எழுநூறு துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் காலைத்தான் பார்த்தார்.

"அப்ப உன் கால் என்னாலதான் போச்சா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். இப்போது அது வந்தது, வந்தும் அவளுக்கு ஒரு திருப்தியும் இல்லை. அந்த வார்த்தையை அப்படியே அவர் வாய்க்குள் திருப்பித் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

"கால் போகலைங்க. இருக்கு. நடந்துட்டுத்தானே இருக்கேன்."

"நான் அந்த நாயை எத்தனை தடவை திட்டியிருப்பேன்" என்றார். பிறகு, "என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, சொல்யூஷன் டப்பாவைத் திறந்து வெச்சுட்டு எங்க போனீங்க?"

எழுநூறு எழுந்தார். கையைக் கழுவினார், வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவள் தடுக்கவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை. அவர் கடைக்குள் போய்ப் பலகை முன்னால் நின்றார். திட்டத் தாள் ஃபோம் துகள்களுக்கு நடுவில் கிடந்தது.

"இங்க பாரும்மா. மாப்பிள்ளை, நீங்களும் உக்காருங்க."

மாப்பிள்ளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசிக்காமல் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நாய் வரலை. நான் வண்டி ஓட்டிட்டே தூங்கிட்டேன். முதல் நாள் எழுநூறு ஓட்டின திமிர்ல மறுநாளும் கிளம்பினேன். நூத்தி எண்பதுலயே தூங்கிட்டேன். காலைல பத்து மணி. சூரியன் சுள்ளுனு அடிக்குது. உங்கம்மா காலை ஒடைச்சது நான்தான்."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாரா என்று முதலில் தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு முகம் சுருங்கியது.

"அப்புறம் ஏம்ப்பா நாய்னு சொன்னீங்க? இத்தனை வருஷமா?"

அவர் மனைவி பின்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். எழுநூறு அவள் பக்கம் திரும்பவே இல்லை. பிடரியைத் தடவிக்கொண்டார். கண் உத்தரத்துக்குப் போயிற்று.

"வெக்கமா இருந்துச்சு. அதான் நானே நாயைக் கட்டிவிட்டேன். உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவளும் மயக்கத்துலதான் இருந்தா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உண்மை தெரிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவளுக்காக ஒரு நாயைத் தயார்செய்துவிட்டார். சும்மா இருந்துவிட்டால் போதும், அவள் பெயர் கெடாது. பிரியத்தில் சொன்னதுதான் அதுவும் இதுவும். பிரியத்தில் சொன்னதுதான் இந்தப் பெண்ணை அறுநூற்று இருபதுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவள் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அவர் இப்ப சொல்றது பொய். நாயைச் சொன்னது நான்தான். அவருக்கு அன்னைக்கு நடந்தது எதுவுமே தெரியாது. இப்ப பின்னாடி நான் சொல்லித்தான் தெரியும்."

"நீ மெஷினைப் பாரும்மா" என்றார் எழுநூறு.

"மெஷின் எங்கயும் ஓடிடாது. நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். அவர் தலை சாயறதைப் பாத்தேன். ரெண்டு தடவை."

மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அம்மா பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பாத்தியா? அப்ப ஏம்மா எழுப்பலை?"

இதைத்தான் அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாமல் தப்பித்து வந்தாள். அவர் வாய் திறக்கவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும், தான் வாய் திறக்காததைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்படி எழுப்பறது?" என்றாள். "முந்தின நாள்தான் எழுநூறு ஓட்டியிருக்காரு. அவங்க வீட்டுல அத்தனை பேரும் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. அப்படிப்பட்டவரைப் போய், என்னங்க தூங்கறீங்களான்னு பின்னாடி உக்காந்துட்டு நான் கேக்கறதா? முதல் தடவை சாஞ்சப்ப, ரோட்டைக் குனிஞ்சு பாக்கறாரோன்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவை அது தூக்கம்னு தெரிஞ்சுடுச்சு. முதுகுல தட்டலாம்னு கையைத் தூக்கினேன். தட்டாம எடுத்துட்டேன். கூச்சமா இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல."

வெளியே பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கித் திருப்புகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எழுந்து, மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டார்.

"உக்காருங்க அத்தை."

அவள் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் வந்து குந்தி, அவள் இடது முழங்காலில் கையை வைத்தாள்.

"நீ தட்டணும்" என்று மகளிடம் சொன்னாள். "இவர் ஓட்டும்போது தலை ஒரு விரக்கடை சாஞ்சாலும் தட்டு. கோவிச்சுக்குவாரோன்னு பாக்காதே. மாப்பிள்ளை, நீங்களும் இவளைத் தட்டுங்க. இவ கண்டிப்பாக் கோவிச்சுக்குவா."

"தட்டறேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசியதிலேயே உறுதியான வார்த்தை அதுதான்.

எழுநூறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இழுத்தார். பென்சிலால் அறுநூற்று இருபதை அடித்தார், ஐநூற்று அறுபதை அடித்தார். அடித்துவிட்டு எதுவும் எழுதாமல் யோசித்தார். கடல் இந்த லீவுக்கு எட்டாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. மகள்தான் முதலில் சொன்னாள்.

"அந்த அணைக்கட்டு எவ்வளவுப்பா? மலைமேல இருக்கே, அது?"

"முந்நூத்தி அறுபது இருக்கும்."

"அங்க போறோம். கடலுக்கு அடுத்த வருஷம் பத்து நாள் லீவு எடுத்துக்கறோம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இத்தனை வருஷம் கடல் பாக்காம இருந்தவர்தானே, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்."

எழுநூறு முதல் நாளுக்கு இருநூற்று நாற்பது என்று எழுதினார். இரண்டாவது நாள் என்று எழுதி, கோடு போட்டு, பென்சிலை நிறுத்தினார். மனைவியிடம் தாளைத் திருப்பிக் காட்டினார். பாதியா என்று கண்ணாலேயே கேட்டார். அவள் தலையசைத்தாள். நூற்றிருபது என்று எழுதினார்.

பிறகு வேலை நடந்தது. வேலை இருக்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது சுலபம். எங்கே உறுத்துகிறது என்று மகள் சொல்ல, எழுநூறு பின்சீட் குழியில் புதுத் துண்டு வைத்து அழுத்தினார். மாப்பிள்ளை சொல்லாமலேயே டப்பாவை மூடிவைத்தார். அவள் ரெக்சினில் சாக்பீஸ் கோடு போட்டுத் தைத்தாள். நாலு மணிக்கு மழை பெய்தது, பிள்ளைகள் அது விடும்வரை இருந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் எழுநூறு அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கீழே கிடந்த ரெக்சின் துணுக்குகளைக் காலால் ஒதுக்கினார். என்னவோ கேட்க வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு ரெண்டாவது தடவை, கையைத் தூக்கினேன்னியே."

"ஆமா."

"தட்டியிருக்கலாம்ல?"

"கோவிச்சுக்கிட்டிருப்பீங்க."

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் அவளும் நினைத்தாள், சொன்னால் அந்த ஒரு பொய்யை நம்பிவிடலாம் என்றும் நினைத்தாள். அவர் யோசித்துப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "கோவிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்."

அவள் மெஷினின் விளக்கை அணைத்துவிட்டு எழுந்தாள். எழும்போது கால் இழுத்தது. அவர் தோளைக் கொடுத்தார், அவள் பிடித்துக்கொண்டாள்.